மஞ்சள் நல்லது, மஞ்சள் மாத்திரை?

கைபேசியில் ‘மூட்டுவலிக்கு இயற்கைத் தீர்வு’ என்று மஞ்சள் மாத்திரை விளம்பரம் வருகிறது. அதற்கு அடுத்த செய்தியே ‘மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவருக்குக் கல்லீரல் பாதிப்பு’ என்கிறது. படிப்பவருக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. சாம்பாரிலும் மீன் குழம்பிலும் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்த பொருள் திடீரென்று எப்படிக் கல்லீரலைக் கெடுக்கும்? கெடுக்கும் என்றால் ‘சக்திவாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று டப்பாவில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்?

இரண்டு செய்தியிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல என்பதுதான் சிக்கல்.

மஞ்சள் வேறு, குர்குமின் வேறு

மஞ்சள் கிழங்குக்கு நிறம் கொடுக்கும் பொருள் குர்குமின். 1815இலேயே ஐரோப்பாவில் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய 1910 வரை ஆனது. குர்குமினோடு அதன் நெருங்கிய உறவான இரண்டு மூலக்கூறுகளையும் சேர்த்துக் குர்குமினாய்டுகள் என்பார்கள். மாத்திரை டப்பாவில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சொல்தான்.

கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ரகத்தைப் பொறுத்து இது மாறும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதத்தை ஒட்டிக்கூட இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், பெரும்பாலும் 2.5 முதல் 4.5 சதவீதத்துக்குள் நிற்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள் ஏறக்குறைய 3 கிராம். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஒரு வீட்டில் நான்கு பேருக்கு வைக்கும் குழம்புக்கு அரை டீஸ்பூன் போட்டால், ஒரு ஆளின் வயிற்றுக்குள் போவது 11 அல்லது 12 மில்லிகிராம். ‘500 மி.கி., 95% குர்குமினாய்டு’ என்று எழுதிய ஒரு மாத்திரையில் இருப்பது 475 மில்லிகிராம். அதாவது கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சள் தூளில், ஐந்து டீஸ்பூனுக்கு மேல், இருக்கும் குர்குமின் முழுவதும் ஒரே விழுங்கலில் உள்ளே போகிறது. நாளைக்கு இரண்டு மாத்திரை என்றால் பத்து டீஸ்பூன். எந்தப் பாட்டியும் எந்தக் குழம்பிலும் அவ்வளவு போட்டதில்லை.

உணவில் நிறமூட்டியாகச் சேர்க்கும் குர்குமினுக்கு, உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் நடத்தும் நிபுணர் குழு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் கவலையில்லை என்பதற்காக வைத்த எல்லை இது. ஒரு நாள் தாண்டினால் ஆபத்து என்று பொருளல்ல. ஆனால் ஒரே மாத்திரை அதை இரண்டரை மடங்கு தாண்டுகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ‘ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறோமே’ என்ற வாதம் தூளுக்குப் பொருந்தும். மாத்திரைக்குப் பொருந்தாது.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு செல்கள் ஆற்றல் தயாரிக்கும்போது, ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு சில மூலக்கூறுகள் மிஞ்சுகின்றன. இவைதான் ஃப்ரீ ராடிக்கல்கள். ஜோடி தேடி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலோ புரதத்திலோ டி.என்.ஏ.விலோ கைவைத்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கப்பட்டது சேதமாகிறது. தன் எலக்ட்ரானைத் தானாகக் கொடுத்து இந்தச் சங்கிலியை நிறுத்தும் பொருள் ஆன்டிஆக்ஸிடன்ட்.

முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்டை அதிகம் சாப்பிட்டால் நோயும் முதுமையும் தள்ளிப்போகும் அல்லவா? கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரு பெரிய தொழிலே இந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது வேறு கதை வந்தது.

1. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது.

2. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. 1996இல் சோதனையைக் கெடுவுக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

3. இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டான வைட்டமின் ஈ மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். 2011இல் வெளியான கணக்குப்படி, அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

இதற்குக் காரணம், ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் வில்லன்கள் அல்ல. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல அவற்றைத்தான் ஆயுதமாக வீசுகின்றன. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் உண்டாகும் கொஞ்சம் ராடிக்கல்கள்தான் ‘இன்சுலினுக்கு ஒழுங்காகக் கட்டுப்படு’ என்று தசைக்குச் சமிக்ஞை தருகின்றன. 2009இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் சாப்பிட்ட இளைஞர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காமலே போனது. உடம்பு தனக்கு வேண்டிய குளூட்டாதியோன் போன்ற காவலர்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து அள்ளிக் கொட்டினால் கணக்கு கெடலாம்.

ஒரு உணவுப்பொருள் சோதனைக்குழாயில் எத்தனை ராடிக்கல்களை அணைக்கிறது என்று அளந்து ஓராக் என்ற மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். அமெரிக்க வேளாண் துறை அந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருந்தது. அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை. வியாபாரிகள்தான் அதை வைத்து விளம்பரம் செய்தார்கள். 2012இல் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் டப்பாக்களில் ஓராக் எண்ணைப் போடுகிறவர்கள் உண்டு.

ஆரத்தித் தட்டு சொல்லும் பாடம்

குர்குமின் எப்படிப்பட்ட மூலக்கூறு என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். ஆரத்தி கரைப்பதைக் கவனித்தால் போதும். தட்டில் மஞ்சள் நீர் இருக்கிறது. துளி சுண்ணாம்பு கரைத்ததும் ரத்தச் சிவப்பாகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் குர்குமினின் அமைப்பு மாறுவதால் வரும் நிறம் அது. மஞ்சள் பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் கறை செம்மையாகத் தெரிவதும் இதனால்தான். அதே வேட்டியை நல்ல வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிப் போய்விடும். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்துவிடும்.

அதாவது இது எதைத் தொட்டாலும் வினைபுரியும், எளிதில் சிதையும். நம் ரத்தம் லேசான காரத்தன்மை உடையது. அதே அளவு காரத்தன்மை உள்ள வெறும் கரைசலில், உடம்பு வெப்பநிலையில் குர்குமினைப் போட்டால், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. ரத்தத்தில் உள்ள புரதங்கள் கூட இருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்தக் குணம் ஆராய்ச்சியாளர்களையும் ஏமாற்றியிருக்கிறது. குர்குமின் தானே ஒளிரும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், புரதங்களோடு ஒட்டும், செல்லின் சவ்வைக் குலைக்கும். ஆய்வகச் சோதனைகள் பலவும் ஒளியையோ நிறத்தையோ அளந்துதான் ‘இந்தப் பொருள் வேலை செய்கிறது’ என்று சொல்கின்றன. குர்குமினைப் போட்டால் கருவி ‘ஆம்’ என்று சொல்லிவிடும். புற்றுநோய்க்கு ஆம், நீரிழிவுக்கு ஆம், ஞாபகமறதிக்கு ஆம். எல்லா நோய்க்கும் மருந்து என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகள் குவிந்ததில் இதற்கு நல்ல பங்கு உண்டு. மருந்து வேதியியல் நிபுணர்கள் சிலர் 2017இல் இதையெல்லாம் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 120க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், வெற்றி என்று சந்தேகமில்லாமல் சொல்லத்தக்க இரட்டை மறைப்புச் சோதனை ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. (யார் மருந்து சாப்பிடுகிறார், யார் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிடுகிறார் என்று நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்துவது இரட்டை மறைப்பு.) என் கணிப்பில் மூட்டுவலி விஷயத்தில் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை. மற்றவற்றில் சரி.

காப்புரிமை வழக்கையும் இங்கே தொட்டுவிடலாம். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. இந்தியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய வெற்றிதான். ஆனால் ‘அமெரிக்காவே ஒத்துக்கொண்டது’ என்று அதை மஞ்சளின் மருத்துவ குணத்துக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. ‘இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, ஏற்கெனவே தெரிந்த விஷயம்’ என்பது மட்டுமே அங்கே நிரூபணமானது.

உள்ளே போனதும் வெளியே

சிதையாமல் தப்பிக்கும் குர்குமினும் ரத்தத்துக்குள் எளிதில் போவதில்லை. தண்ணீரில் கரையாது. குடல் கொஞ்சம் உறிஞ்சினாலும், குடல் சுவரும் கல்லீரலும் உடனே அதோடு வேறு மூலக்கூறுகளை ஒட்டி வெளியேற்றத் தயாராக்கிவிடும். பெங்களூருவில் செய்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினை ஒரேயடியாகக் கொடுத்தும் ரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது அளவு 2000 சதவீதம் கூடியது. பைப்பரின் என்பது மிளகுக்குக் காரச் சுவை தரும் பொருள்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லா டப்பாவிலும் பார்க்கும் ‘2000% அதிக உறிஞ்சல்’ அங்கிருந்து வந்ததுதான். ஏறக்குறைய பூஜ்யத்தை இருபது மடங்காக்கினாலும் அது பெரிய எண்ணாகிவிடாது என்பது ஒரு பக்கம். மிளகு இதை எப்படிச் செய்கிறது என்பது அதைவிட முக்கியம். வெளியிலிருந்து வரும் பொருள்களைச் செயலிழக்கச் செய்து அனுப்பும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுத்துவைக்கிறது. காவல்காரரைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறப்பது போல. அந்த வாசலில் குர்குமின் மட்டும் நுழையாது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவும் பைப்பரினால் ரத்தத்தில் ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள்.

ரசத்தில் தட்டிப்போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. பிரித்தெடுத்த பைப்பரினைத் தினமும் மாத்திரையில் சாப்பிடுவதைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. பைப்பரின் இல்லாமல் கொழுப்போடு கலந்தும், நுண்துகளாக்கியும் உறிஞ்சலைக் கூட்டிய ரகங்களும் சந்தையில் உண்டு.

சரி, பலன் உண்டா இல்லையா?

முழங்கால் தேய்மான வலிக்குக் கொஞ்சம் உண்டு என்று சொல்லலாம்.

1. தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014இல் வெளியான சோதனையில், நாளைக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு (மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த செறிவு) சாப்பிட்டவர்களுக்கும் 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் நான்கு வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் கிடைத்தது. வயிற்று உபாதை மஞ்சள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. ஆனால் வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. மூட்டுவலி வெறும் மாத்திரைக்கே நன்றாகக் குறைந்து காட்டும் வலி.

2. அந்தக் குறையை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த சோதனை தீர்த்தது. 70 பேர், 12 வாரம், 2020இல் வெளியானது. வெறும் மாத்திரையைவிட மஞ்சள் சாறு வலியைக் குறைத்தது. நூற்றுக்குச் சுமார் 9 புள்ளி வித்தியாசம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் மூட்டின் வீக்கத்தில் மாற்றமில்லை. அதாவது வலி குறைகிறது, மூட்டு சரியாகவில்லை.

3. அஜீரண வயிற்று உபாதைக்கு 2023இல் இன்னொரு தாய்லாந்துச் சோதனை. 206 பேரைச் சேர்த்தார்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலுக்கு நிகராகக் குர்குமின் வேலை செய்தது. இதிலும் வெறும் மாத்திரை ஒப்பீடு இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் போன 606 பேரிடம் சோதித்தார்கள். அழற்சி குறையும் என்ற எதிர்பார்ப்பு. முடிவு 2018இல் வந்தது: அழற்சி குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்பு குர்குமின் சாப்பிட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது. அல்சைமர் நோய்க்கு நடந்த சிறிய சோதனைகளும் கைகொடுக்கவில்லை. புற்றுநோய்க்குக் குர்குமினை முன்னிறுத்திய கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு இருப்பதாகத் தெரியவந்து திரும்பப் பெறப்பட்டுள்ளன. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், மருத்துவரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

பலன் கிடைத்த இடங்களில்கூட, அது ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால்தான் கிடைத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அழற்சியைக் குறைக்கும் வேறு வழிகளில் நடந்திருக்கலாம். டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லுக்கும் முழங்காலில் குறைந்த வலிக்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

கல்லீரல் செய்தியின் பின்னணி

2019 கோடையில் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. முதலில் எல்லோரும் கலப்படம் என்றுதான் நினைத்தார்கள். மாதிரிகளைச் சோதித்ததில் அதைக் காரணமாகக் காட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை. கல்லீரல், பித்தப்பைக் கோளாறு உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தபோது, அதனிடம் 18 புகார்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மரணம்.

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் மருத்துவ வலையமைப்பு, மஞ்சளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2023இல் எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்தப் பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ. - பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையால் வரும் கல்லீரல் பாதிப்போடும் இதே மரபணு தொடர்புடையது. அதுவும் ‘இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற பெயரில் விற்பதுதான்!

இதிலிருந்து புரிவது என்னவென்றால், இது நஞ்சு போல எல்லோரையும் தாக்குவதில்லை. சிலரின் நோய் எதிர்ப்பு அமைப்பு இந்தப் பொருளைத் தவறாக அடையாளம் கண்டு கல்லீரலையே தாக்குகிறது. அந்த மரபணு உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இப்படிச் சிலர் என்பது அரிது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்பதுதான் தொல்லை. வந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் வருகிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது.

அப்புறம் ஏன் இப்போது மட்டும்? முன்பு குர்குமின் ரத்தத்துக்குள் அதிகம் போகவில்லை. கெடுதலும் இல்லை, பலனும் குறைவு. அளவைக் கூட்டி, உறிஞ்சலையும் கூட்டிய பிறகுதான் இந்தச் செய்திகள் வரத் தொடங்கின. முழுக் காரணமும் இதுவே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘நன்றாக உறிஞ்சும்’ என்பது விளம்பர வாசகமாக இருக்கும் வரை, அதையே எச்சரிக்கை வாசகமாகவும் படிப்பது நல்லது.

வாங்கும் முன்

இவர்கள் தள்ளி நிற்பது நல்லது:

1. கல்லீரல் நோய் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள்.
2. பித்தப்பைக் கல் உள்ளவர்கள். குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். கல் நகர்ந்து அடைத்துக்கொள்ளலாம்.
3. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள்.
4. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள். குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.
5. கர்ப்பிணிகள். குழம்பு மஞ்சளுக்கு இந்தத் தடை இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிப்படி இரண்டு விஷயங்கள் இருக்கும்: இது ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்பது, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்பது. முன்பக்கம் மூட்டுப் படம், பின்பக்கம் இந்த வரி. குர்குமினாய்டு எத்தனை மில்லிகிராம், பைப்பரின் உண்டா என்பதையும் அங்கேயே தேட வேண்டும். ‘மஞ்சள் 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் தூளாகவும் இருக்கலாம். அப்படியானால் உள்ளே இருக்கும் குர்குமின் 15 மில்லிகிராம்தான். ஒரு ஆள் சாப்பிடும் குழம்பில் இருக்கும் மஞ்சளுக்குக் கேப்ஸ்யூல் விலை கொடுக்கிறீர்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டு வருபவருக்கு விடாத சோர்வு, பசியின்மை, உடம்பெல்லாம் அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லீரல் சோதனைக்குப் போக வேண்டும். காமாலைக்கு நாட்டு வைத்தியம் என்று அலைந்து நாள் கடத்தக் கூடாது. போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று மருத்துவர் கேட்கும்போது, இது மஞ்சள்தானே என்று சொல்லாமல் விடுபவர்கள் நிறைய.